ஆங்கிலம் சென்ற தமிழ்ச் சொற்கள்

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்றொரு சொல் உண்டு. அது நம் கட்டுமரமே. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியதால் வந்த பெயர் அது. இன்றோ ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகையே பெரிதும் குறிக்கிறது. அதில் கட்டும் இல்லை, மரமும் இருக்கவேண்டியதில்லை! சொல்லின் பழைய பொருள் தமிழறிந்த மாணவர்க்கே எளிதில் விளங்கும். 'மல்லிகட்டானி' என்னும் சூப், மிளகுத்தண்ணீர்.

ஆயினும், ஒலி ஒத்திருப்பதனாலேயே உறவு கொண்டாடலாகாது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பழைய சிறு நாணயத்தைக் குறித்த மற்றொரு 'கேஷ்' மட்டுமே நம் காசு.

பயிற்சி: 'கறி' என்பது ஆங்கிலத்தில் எப்பொருளில் வழங்குகிறது? உங்கள் வீட்டில் எப்பொருளில் வழங்குகிறது? பெரியோரிடம் கேட்டு எழுதுக.