கடாரத்தில் ஒரு நாள்

வரலாற்றுப் பாடத்தில் கடாரம் என்னும் பெயரை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். முதலாம் இராசேந்திர சோழனுக்குக் 'கடாரம் கொண்டான்' என்னும் விருதுப் பெயர் உண்டு என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் கடாரம் என்பது எங்கோ கடலுக்கு அப்பால் இருந்து மறைந்துபோன நாடு என்று எண்ணுவோர் நம்முள் பலர். அது நம் மலேசியத் திருநாட்டின் கெடா மாநிலமே ஆகும். அதன் பழைய துறைமுகமும் கோயில்களும் உலைக்களங்களும் இருந்த இடம் பூஜாங் பள்ளத்தாக்கு. ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே 200 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் அவ்விடங்கள் பரவிக் கிடக்கின்றன.

காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒரு நாட்பயணத்தில் இவற்றுள் முக்கியமானவற்றைக் கண்டுவிடலாம். இடங்களை அறிந்த வழிகாட்டி ஒருவர் உடன் வருவது மிகவும் நன்று. வழிகாட்டி இன்றேல் கல் வெறுங் கல்லாகவே தோன்றும். மாணவமணிகளே, பெற்றோர்களே, நாம் அனைவரும் இக்கட்டுரையின் வாயிலாக அப்பயணத்தை ஒருமுறை மேற்கொள்வோம்.

இங்கே ஏன் துறைமுகம் எழுந்தது?

சுங்கைப் பட்டாணியை விட்டு வடமேற்கே செல்லும்போது, நம் கண்முன் முதலில் நிற்பது ஜெராய் மலை. அதன் உயரம் ஏறக்குறைய 1200 மீட்டர். இதனினும் உயர்ந்த மலைகள் நம் நாட்டில் பல உண்டு. ஆனால் ஜெராய் மற்ற மலைத்தொடர்களோடு சேராமல், கடலோரச் சமவெளியில் தனித்து நிற்கிறது. ஆகவே கடலில் நெடுந்தொலைவு வரும் மாலுமிக்கும் அது தெரியும். கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பலுக்கு இம்மலையே அடையாளம்.

மற்றொரு காரணம் காற்று. அக்காலக் கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள். ஒரு பருவத்தில் தென்மேற்குக் காற்று வீசும். மற்றொரு பருவத்தில் வடகிழக்குக் காற்று வீசும். ஒரு காற்றில் வந்தவர் மறுகாற்றுக்காகப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருக்கக் குடிநீரும், உணவும், கப்பலைப் பழுதுபார்க்க மரமும், அலையற்ற ஆற்றுமுகமும் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் மெர்போக் ஆற்றின் கழிமுகமும் இவை அனைத்தையும் தந்தன. இவ்வாறு இயற்கை அமைத்துத் தந்த இடத்தில் மனிதன் துறைமுகத்தை அமைத்தான்.

பழந்தமிழ் நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். சீனத் துறவி இ-சிங் கி.பி. 671இல் காண்டனிலிருந்து புறப்பட்டு, இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றார். மேற்கிலிருந்து வந்தவரும் கிழக்கிலிருந்து வந்தவரும் சந்தித்த இடம் இது.

முதல் இடம்: சுங்கை பத்து உலைக்களம்

செமலிங் பட்டினத்திற்கு அருகில் உள்ள சுங்கை பத்துவில் நாம் முதலில் இறங்குவோம். செம்பனைத் தோட்டமாக இருந்த இந்நிலத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு முதல் அகழாய்வு செய்தனர். இரும்பு உருக்கிய களங்களும், படகுத்துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டடங்களும், வட்டமான அடித்தளத்தின்மேல் சதுரமாக எழுந்த ஒரு செங்கல் அமைப்பும் அங்கே வெளிப்பட்டன. அவ்வமைப்பு வழிபாட்டிற்கு உரியது என்பது ஆய்வாளர் கருத்து. இவ்விடம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பர் சிலர். அதற்கும் முந்தியது என்பாரும் உளர்.

இங்கே ஏராளமாகக் கிடைத்தவை சுட்ட களிமண் ஊதுகுழல்கள். இவற்றைக் காணும்போது இரும்பு உருக்கும் முறையை நினைவிற்கொள்ள வேண்டும். இரும்புத் தாதையும் மரக்கரியையும் உலையில் அடுக்கி எரிப்பார்கள். துருத்தியால் ஊதும் காற்று இக்குழல் வழியே உள்ளே பாயும். வெப்பம் ஏறக்குறைய 1200 பாகை செல்சியஸ் அளவை எட்டும்போது, கல்லும் மண்ணும் கசடாக உருகி வழியும். கரியின் வேதிச் செயலால் தாதில் உள்ள உயிர்வளி நீங்க, கடற்பஞ்சு போன்ற இரும்புக் கட்டி எஞ்சும். அதனைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கருவிகள் செய்வார்கள்.

அரசர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. இவ்வுலைகளின் முன்னே நின்று துருத்தி ஊதியவர், தாது சுமந்தவர், கரி சுட்டவர் எவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர்கள் செய்த குழலும் தள்ளிய கசடும் இன்றும் மண்ணில் இருக்கின்றன. உழைப்பின் சுவடு எளிதில் அழிவதில்லை.

இரண்டாம் இடம்: மெர்போக் அரும்பொருளகமும் மலையடிக் கோயிலும்

மெர்போக் ஊரில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அரும்பொருளகம் அமைந்துள்ளது. இது 1980இல் திறக்கப்பட்டது. சீனப் பீங்கான் ஓடுகள், கண்ணாடித் துண்டுகள், பல நிற மணிகள், விநாயகர் உருவம், நந்தியின் தலை முதலியவற்றை இங்குக் காணலாம். பீங்கான் ஓடுகளில் மிகுதியானவை பெங்காலான் பூஜாங் என்னும் இடத்தில் கிடைத்தவை. உடைந்த ஓட்டினால் என்ன பயன் என்று கேட்கக் கூடாது. பீங்கானின் பூச்சையும் வேலைப்பாட்டையும் கொண்டு அது எந்தக் காலத்தில் எங்கே செய்யப்பட்டது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். ஓர் ஓடு ஒரு நாட்காட்டிக்குச் சமம்.

அரும்பொருளகத்தின் வளாகத்தில் நான்கு பழங்கோயில்களின் அடித்தளங்கள் உள்ளன. மலாய் மொழியில் இவற்றைச் 'சண்டி' என்பர். பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட் ஆகிய மூன்றும் வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அமைக்கப்பட்டவை. நான்காவதாகிய புக்கிட் பத்து பஹாட் கோயில் மட்டுமே தான் தோன்றிய இடத்திலேயே நிற்கிறது. 'பத்து பஹாட்' என்றால் செதுக்கிய கல் என்று பொருள். 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரும் அவர் துணைவியாரும் பூஜாங் பகுதி முழுவதும் ஆய்ந்து, முப்பது அளவிலான இடங்களுக்கு எண் இட்டனர். அவற்றுள் இஃது எட்டாம் இடம். பின்னர் 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லாம் என்னும் அறிஞரின் மேற்பார்வையில் கற்கள் மீண்டும் அடுக்கப்பெற்றன.

இக்கோயிலின் முன் நின்று அதன் அமைப்பை உற்று நோக்குவோம். மேற்கில் உயரமான ஒரு பகுதி உள்ளது. அது விமானம், அதாவது தெய்வத் திருவுரு இருந்த இடம். அதன் கிழக்கே நீண்டிருப்பது மண்டபம். நம் கோயில்களில் கருவறையும் மண்டபமும் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்திருப்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூரையைக் காணோமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு விடை தூண்பீடங்களில் உள்ளது. வட்டமான அக்கற்களில் துளைகள் இருப்பதைக் காணலாம். அவை மரத்தூண்களை நிறுத்துவதற்கானவை. தூணும் கூரையும் மரத்தாலும் ஓலையாலும் அமைந்தமையால் மழையும் கறையானும் அவற்றை அழித்துவிட்டன. கல் மட்டும் எஞ்சியது. அடித்தளத்தின் கீழே சிறு குழிகள் குடைந்த கற்பேழைகள் கிடைத்தன. கோயில் கட்டத் தொடங்கும்போது மணிகளையும் பொன்னையும் நிலத்தில் இட்டுப் புதைக்கும் வழக்கத்தை இவை காட்டுகின்றன.

யார் கட்டினார்கள்?

இவை அனைத்தும் இராசேந்திர சோழன் கட்டியவை என்று நம்மவர் சிலர் பெருமையோடு கூறுவதுண்டு. அதற்குச் சான்று இல்லை. சோழர் படை வந்தது 1025இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இங்குப் பௌத்த சமயம் பரவியிருந்தது. புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவன் தன் கடற்பயணம் இனிது முடிய வேண்டிப் பொறித்த கல்வெட்டு ஒன்றை, ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறை வட்டாரத்தில் 1834இல் கண்டெடுத்தார். அதன் காலம் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. சைவ சமயச் சார்புடைய கோயில்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. புக்கிட் பத்து பஹாட் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர் பலர் கருதுவர்.

கடாரத்திற்கும் தமிழகத்திற்கும் இருந்த உறவு போரினால் மட்டும் ஆனதன்று. முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரத்தை எழுப்பினான். அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். போர் நிகழ்ந்த பின்னரும், 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் வேண்டிக்கொள்ள, முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்து நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்தான். வாணிகமும் வழிபாடும் இரு கரைகளையும் இணைத்தன. இடையில் ஒரு போர் வந்து போயிற்று என்று கொள்வதே பொருந்தும். இம்மண்ணின் மக்களும் வந்து தங்கியவர்களும் சேர்ந்து வளர்த்த நாகரிகம் இது. ஆகவே இது மலேசியர் அனைவருக்கும் உரிய சொத்து. அதில் நமக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் இடம்: அருவியும் கழிமுகக் காடும்

நண்பகல் உணவுக்கு மெர்போக்கை அடுத்த தூப்பா அருவிக்குச் செல்லலாம். மலைக்காட்டின் நிழலும் பாறைகளினூடே குதித்தோடும் தெளிநீரும் களைப்பைப் போக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மலையுச்சியில் பெருமழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரக்கூடும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய பெருவெள்ளம் யான், மெர்போக் வட்டாரங்களில் உயிர்களைக் கொண்டு சென்றது. நீர் திடீரெனக் கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே கரையேறிவிட வேண்டும். பிள்ளைகளைத் தனியே நீரில் இறங்க விடலாகாது.

பிற்பகலில் செமலிங் படகுத்துறையிலிருந்து மெர்போக் ஆற்றில் படகேறலாம். இரு கரைகளிலும் செழித்து நிற்பவை கழிமுக மரங்கள். நம் மக்கள் பாக்காவ் மரம் என்று அழைப்பவை இவற்றுள் ஒருவகை. சேற்றில் காற்று இல்லாமையால் இம்மரங்கள் சில தம் வேர்களை மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. சில, பல கால்கள் ஊன்றி நிற்பதுபோல் வேர்களை விரித்து நிற்கின்றன. அவ்வேர்களின் இடையே மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாக் கரையைத் தாக்கியதை நாம் மறக்கவில்லை. அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண் இத்தகைய காடே.

இவ்வேர்கள் வண்டல் மண்ணையும் பிடித்து நிறுத்துகின்றன. ஆறுகள் கொண்டுவரும் மண் நூற்றாண்டுக் கணக்கில் படியப் படியக் கரை கடலை நோக்கி நகர்ந்தது. அதனாலேயே ஒரு காலத்தில் படகுகள் அணைந்த இடங்கள் இன்று நிலத்தின் நடுவே கிடக்கின்றன. துறைகள் தூர்ந்தன, பின்னர் மலாக்கா தலையெடுத்தது, கடாரத் துறைமுகத்தின் புகழ் மங்கிற்று.

நம் கடமை

2013ஆம் ஆண்டு சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த பதினோராம் எண் கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கி நின்றது, இயந்திரத்தின் முன் நிற்கவில்லை. இடிந்த கோயிலைப் புதிதாகக் கட்டலாம். ஆனால் பழைய கோயில் திரும்ப வாராது.

பூஜாங் பகுதியில் பல எச்சங்கள் பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வயல்களிலுமே கண்டெடுக்கப்பட்டன. ஆகவே நிலத்தோடு நாள்தோறும் பழகும் தோட்டத் தொழிலாளர்களே இவற்றின் முதற்காவலர் ஆகக்கூடும். கான் வெட்டும்போதோ கன்று நடும்போதோ பழைய செங்கல், செதுக்கிய கல், பானையோடு, மணி ஏதேனும் தென்பட்டால், அதை எடுத்துச் செல்லவோ மேலும் தோண்டவோ கூடாது. கிடந்தது கிடந்தபடியே விட்டு, மாவட்ட அலுவலகத்திற்கோ மரபுடைமைத் துறைக்கோ அரும்பொருளகத்திற்கோ உடனே தெரிவிக்க வேண்டும். பொருளைவிட அது கிடந்த இடமும் ஆழமுமே அறிஞருக்குப் பெரிய சான்று.

காணச் செல்லும் நாமும் சில ஒழுங்குகளைக் காக்க வேண்டும். அடித்தளக் கற்களின்மேல் ஏறி விளையாடலாகாது. கல்லில் பெயர் கீறலாகாது. ஓட்டுத் துண்டு ஒன்றையும் நினைவுப் பொருளாக எடுத்துவரலாகாது. உணவுப் பொட்டலங்களை அருவியிலும் ஆற்றிலும் எறியலாகாது. கையில் குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தால் போதும்.

பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். தம் காலடியில் உள்ள வரலாற்றைக் கண்ணால் கண்ட பிள்ளை, அதனைக் காக்கவும் கற்றுக்கொள்ளும்.

சிந்தித்து விடை எழுதுக:

1. பழங்கால மாலுமிகளுக்கு ஜெராய் மலை எவ்வாறு உதவியது?
2. கப்பல்கள் கடாரத்தில் பல மாதங்கள் தங்கியதற்குக் காரணம் யாது?
3. புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கூரை மரத்தால் அமைந்தது என்பதை எதனால் அறிகிறோம்?
4. இக்கோயில்களை இராசேந்திர சோழனே கட்டினான் என்னும் கூற்று ஏன் பொருந்தாது?
5. பழைய துறைகள் இன்று நிலத்தின் நடுவே இருப்பது எதனால்?
6. உங்கள் தோட்டத்தில் பழம்பொருள் ஒன்று கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?