தொழிலிடத்துக் காப்பணிகள்

தொழில் புரிவோர் தம் உடலைக் காத்தற்பொருட்டு அணிவனவற்றைக் காப்பணிகள் என்னும் பெயரால் இக்கட்டுரையில் வழங்குவோம். தலைக்கவசம், காப்புக் கண்ணாடி, கையுறை, முகவுறை, காதடைப்பான், தடித்த சப்பாத்து என்பன அவற்றுட் சில. இவற்றின் பயனை அறியாதார் சிலர். அறிந்தும் அணியாதாரோ பலர். அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் இடையேயுள்ள இவ்வேற்றுமை எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டுவாம்.

1910ஆம் ஆண்டின் இறுதியிலே சீனத்தின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவிற் கொடிய பிளேக் நோய் பரவிற்று. அதனை ஆராய்ந்து அடக்கும் பொறுப்பு, பினாங்கிற் பிறந்து கேம்பிரிட்சிற் கல்வி கற்ற வூ லியன்தே என்னும் இளம் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எலியும் தெள்ளுமே பிளேக்கைப் பரப்புவன என்பது அக்காலத்தார் பொதுக்கொள்கை. ஹார்பின் நகரிற் பரவிய நோயோ நுரையீரலைப் பற்றுவது. இருமலோடு வெளிப்படும் துளிகளால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே தொற்றுவது என வூ துணிந்தார். ஆதலின், பஞ்சை உள்ளே வைத்து மெல்லிய துணியாற் பொதிந்து, தலையின் பின்னே முடிந்து கட்டத்தக்க முகவுறையை அணியுமாறு நோயாளரை அணுகுவோரைப் பணித்தார். அது செய்தற்கு எளியது, விலையும் அற்பம்.

அங்கு வந்திருந்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் வூவினும் வயதில் மூத்தவர். பிளேக் நோயிற் பழகியவர். அவர் வூவின் கருத்தை ஏற்றிலர். முகவுறையின்றியே நோயாளரைச் சோதித்தார். சில நாள்களுள் அந்நோயே அவரைப் பற்றிற்று. 1911 சனவரியில் அவர் இறந்தார். அதன் பின்னரே ஹார்பினில் முகவுறைக்கு மதிப்பு உண்டாயிற்று. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கவர்ந்த அந்நோய், நோயாளரைப் பிரித்து வைத்தல், போக்குவரத்தைத் தடுத்தல், பிணங்களை எரித்தல் முதலிய பல முயற்சிகளால் 1911ஆம் ஆண்டின் இளவேனிலில் ஒடுங்கிற்று.

மெஸ்னி கல்லாதவரல்லர், கோழையுமல்லர். பழக்கமே அவரை ஏமாற்றியது. “இதுவரை எமக்கு ஒன்றும் நேரவில்லையே” என இன்று பட்டறையிலும் வயலிலும் கேட்கும் சொல்லும் அவ்வகையினதே. இச்சொல் ஏன் பிழையாகின்றது? கேடுகளுட் பல உடனே தோன்றுவனவல்ல. மின்வில்லாற் பற்றவைப்போன் கண்ணைத் தாக்கும் புறவூதாக் கதிரின் எரிவு சில மணி நேரஞ் சென்றபின்னரே தெரியும். கருங்கல் உடைக்குங்கால் எழும் சிலிக்காத் தூசியின் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கும். அவை விளைக்கும் நோய் பெரும்பாலும் பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்படும். அதனை மாற்றும் மருந்தில்லை. முகத்திற் கட்டும் கைக்குட்டை அத்துகள்களைத் தடுக்கப் போதாது. பேரொலியால் உட்செவியின் மயிர்க்கலங்கள் அழியின் அவை மீண்டும் முளையா. ஆகவே, இன்று நோவில்லை என்பது இன்று கேடில்லை என்பதற்குச் சான்றாகாது.

வெப்ப நாட்டில் இவற்றை அணிதல் துன்பந் தருவது என்பர். அது மெய்யே. பூச்சிமருந்து தெளிக்கும் கமக்காரன் உச்சி வெயிலிற் கையுறையும் முழு உடையும் அணிந்து நிற்றல் எளிதன்று. அதற்காக அவற்றைக் கைவிடலாமா? வெயில் ஏறுமுன் தெளிக்கலாம். காற்று வீசும் திசையறிந்து நடக்கலாம். செறிந்த மருந்தை நீரிற் கலக்கும் வேளை, தோலின் வழியே நஞ்சு புகுதற்கு மிக வாய்ப்பான வேளை. அப்பொழுது கையுறையை ஒருபோதும் நீக்கலாகாது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். காப்பணி கடைசி அரணேயன்றி முதலரணன்று. கேட்டை விளைக்கும் பொருளையே நீக்குதல், தீங்கு குறைந்த பொருளைக் கொள்ளுதல், தூசியெழாவண்ணம் நீர் தெளித்தல், பொறியின் சுழலும் உறுப்புக்கு மறைப்பு அமைத்தல் என்பன முதலிற் செய்யத்தக்கன. இவற்றைச் செய்யாது ஒரு சோடி கையுறையைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது எனக் கருதும் முதலாளி தன் கடமையில் வழுவினவனாவான். காப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளியைச் சாரலாகாது என்பது 1981ஆம் ஆண்டிற் சர்வதேசத் தொழில் தாபனம் வகுத்த 155ஆம் சமவாயத்தின் விதி. எம் நாட்டிலும் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோரின் பாதுகாப்புக்கென 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. எனினும், சட்டம் ஒவ்வொருவர் அருகிலும் நின்று காவாது.

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளராயும் மருத்துவராயும் மேற்பார்வையாளராயும் விளங்குவோர் பலர். அவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: தலைவன் அணியாத கவசத்தைத் தொண்டன் அணியான். ஆய்வுகூடத்தில் அமிலத்தைக் கையாளும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம்: ஆசிரியர் கண்ணாடியை அணியச் சொல்லும்போது அதனைத் தண்டனையாக எண்ணற்க. இளமையிற் படிந்த நற்பழக்கம் முதுமையிலும் உடன்வரும். மாலையில் முழு உடலோடு வீடு திரும்பும் தந்தையை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் குழந்தையை நினைப்போர்க்கு, கவசத்தின் பாரம் ஒரு பாரமாகத் தோன்றாது.