கழுவேலி மேல் போட்ட பழி

பள்ளிக்கரணையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி. பிள்ளைக்கு எது வந்தாலும் பழி போட ஓர் இடம் கைவசம் இருக்கிறது. காய்ச்சலா, கழுவேலிக் கொசு. இருமலா, கழுவேலிப் பனி. பேதியா, கழுவேலித் தண்ணீர். எங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது தெரிகிற அந்தச் சதுப்பு, 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய சுமார் 1,248 ஹெக்டேர் ஈரநிலம், இத்தனை புகாரையும் வாங்கிக்கொண்டு பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் அத்தையோடு, ஐந்து வயதில் ஒரு பையன், தை மாதம் பிறந்த ஒரு பெண். போன ஐப்பசியிலிருந்து இந்தக் கத்திரி வரைக்கும் காதில் விழுந்ததை எல்லாம் வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர்கள் எல்லாரும் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது.

“சேத்துலேர்ந்துதான் டெங்கு கொசு வருது”

எதிர்வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சதுப்பைப் பார்த்த ஜன்னலை மட்டும் சாத்துவார். ஆறு மணிக்கு மேல் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் பெருகுவது. அதற்கு ஜன்னல் சாத்துவது சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி வேறு ஜாதி. காலில் வெள்ளை வரி போட்ட பகல் கொசு. விடிந்த கொஞ்ச நேரத்திலும், இருட்டுவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டரைத் தாண்டிப் பறப்பது அபூர்வம். மீனும் தட்டான் குஞ்சும் மேய்கிற திறந்த நீர்நிலை அதற்குத் தோதுப்படாது. அது தேடுவது கையகலத் தெளிந்த தண்ணீரை.

எங்கள் வீட்டில் அது எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன். ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கம் மோட்டாருக்கு மேலே உள்ள தட்டில் டார்ச் அடித்தோம். இரண்டு விரற்கடைத் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் வளைந்து வளைந்து அடியில் இறங்கின. பையன் “மீன்குஞ்சும்மா!” என்று குதித்தான். மூன்று மாதமாக அவன் அந்த ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படம் வரைந்துகொண்டிருந்தான்.

தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஓரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு நாள் சுற்றிவந்தால் சங்கிலி அறுந்துவிடும். லாரித் தண்ணீர் பிடித்துவைத்த மூடாத டிரம், செடித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்கச்சி. எங்கள் தெருவில் இந்த நான்கும் இல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

“காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்ல”

இந்த வரிசையில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

பையனுக்கு டெங்கு என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. அத்தை சூடம் ஏற்றிக் கும்பிட்டார். பையனோ வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். கார்ட்டூன் போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறி, ரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் விழும். அடுத்த இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம்தான் கண்டம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமலிருப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆட்டோ பிடித்துவிட வேண்டும். நாங்கள் பிடித்தோம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது, வீடு திரும்பினோம்.

அந்த இரண்டு நாளும் போனில் வந்த ஒரே கேள்வி, “கவுன்ட் எவ்ளோ?” கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல. தட்டணுக்களின் எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது அந்த நீர்க்கசிவு. காப்பாற்றுவது அளவறிந்து நேரத்தோடு ஏற்றுகிற திரவம். பப்பாளி இலைச் சாறு பற்றிச் சிறு ஆய்வுகள் உண்டு, தட்டணுக்கள் கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாக. உயிர் காத்ததாக உறுதியான சான்று இல்லை. கசப்புத் தாங்காமல் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அதைப் புகட்டினால் உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே வரும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

“மழையில நனைஞ்சா சளி”

சளியைக் கொண்டுவருவது வைரஸ். அது மேகத்திலிருந்து இறங்குவதில்லை, பக்கத்து பெஞ்சுப் பையனின் மூக்கிலிருந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் மூச்சு விடுகிறோம், அதுதான் விஷயம். நனைந்தால் துவட்டி, உடை மாற்றினால் ஆயிற்று. தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் இதே தீர்ப்பு.

தேங்கிய தண்ணீரில் இறங்குவது வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கத்துத் தெருக்களில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகி நாள்கணக்கில் நின்றது. பிறகு வரிசையாகப் பிள்ளைகளுக்குப் பேதி. “வயித்தக் காயப்போடு, நின்னுடும்” என்றார்கள். காயப்போட்டால் பிள்ளைதான் காயும். தாய்ப்பால், கஞ்சி, இட்லி எதையும் நிறுத்தக் கூடாது, கூடவே ஓ.ஆர்.எஸ்., பதினான்கு நாள் துத்தநாக மாத்திரை. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு நடுவே சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார் டாக்டர் திலீப் மகலனாபிஸ். அந்த எளிய கரைசலிலும் நாம் தப்பு செய்கிறோம்: ஒரு லிட்டர் பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து டம்ளரில் கலக்குவது. பொட்டலம் முழுதும், அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு டெட்ரா பேக்கில் விற்ற பழரச பானங்களில் இருந்தது கொள்ளைச் சர்க்கரை. அது பேதியை அதிகமாக்கும். அந்தப் பெயரை பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது.

“மார்கழிப் பனி தலையில இறங்கிடும்”

எங்கள் தெருவில் மார்கழி பிறந்ததை குரங்குக் குல்லா சொல்லும். இருபத்திரண்டு டிகிரி குளிருக்கு இமயமலை ஏறுகிற கோலத்தில் பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்கும். குல்லாவால் கெடுதல் இல்லை, போட்டுக்கொள்ளட்டும். பனி உச்சந்தலை வழியாக இறங்கி நெஞ்சில் கட்டுவதில்லை என்பது மட்டும்தான் என் வாதம். குளிர்ந்த, அசையாத காற்றில் புகை மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். அந்த மாதத்து இழுப்பில் அதற்குப் பங்கு உண்டு. 2018 போகி காலையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்கே கண் தெரியாத புகையை மூன்று வயது நுரையீரல் இழுத்துக்கொண்டிருந்தது. நாம் பனியைத் திட்டிக்கொண்டிருந்தோம். (2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது மட்டும் பழி சரியான திசையில் போனது. அதுவும் சதுப்பு செய்ததல்ல, சதுப்பின் மேல் நாம் கொட்டியது.)

வீட்டுக்குள் சாம்பிராணி. பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றிய முதல் நாள், கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டியோடு அத்தை வந்தார். முடி காயும் வாசனை எனக்கும் பிடிக்கும்; என் அம்மா வாசனை அது. ஆனால் மூடிய அறையில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடையும் கக்கும், புகை குழந்தையின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். துண்டால் ஒற்றித் துடைத்தாலே போதும். பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: சாம்பிராணி சாமி மாடத்துக்கு, ஜன்னல் திறந்து, குழந்தை அடுத்த அறையில். மூக்கில் எண்ணெய் விடுவதற்கு மட்டும் சமரசமே கிடையாது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

மார்பில் கபம் கட்டியதா என்று காது வைத்துக் கேட்பதைவிட உருப்படியான வேலை ஒன்று உண்டு. தூங்கும் பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ மருத்துவரிடம்.

அவர் சொல்லாமல் கடையில் சிரப் வாங்க வேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரண இருமல் தானாகவே அடங்கக்கூடியது. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது என்று மத்திய அரசு அப்போது நினைவூட்டியது. ஒரு வயது தாண்டியிருந்தால் ஒரு ஸ்பூன் தேன் இதம் தரும். தாண்டாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூட ஆகாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி பிஞ்சுக் குடலில் முளைக்கும்.

“ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகாதே”

பங்குனியில் கீழ்வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. வைரஸ் என்ற சொல்லே இல்லாத காலத்தில், ‘உள்ளே வராதே’ என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரிய எழுதிய பலகை அது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒட்டத் தொடங்கி, எல்லாம் பொருக்கு விடும் வரை ஒட்டும். கைக்குழந்தைக்காரியான நான் அந்தப் படியேறவே இல்லை. கொத்து கட்டுங்கள், கூழும் ஊற்றுங்கள். குளிப்பாட்டாமல் விடுவதும், பிள்ளை மூச்சு வாங்கும்போதும் நினைவு தடுமாறும்போதும் வீட்டிலேயே வைத்திருப்பதும்தான் தப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து ஒற்றி எடுத்தால் அரிப்பு அடங்கும், புண் சீழ் வைக்காது.

எல்லா அம்மையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியம்மை உலகத்தை விட்டே போனதாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கான தடுப்புமருந்தைத் தயாரித்த கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இங்கிருந்து பஸ் தூரம்தான். தட்டம்மைக்கு அரசு ஊசி இலவசம்: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று. 2017 பிப்ரவரியில் இதையே பள்ளிகளில் போட வந்தபோது வாட்ஸ்அப் புரளியை நம்பி அன்றைக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் உண்டு. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

“நாக்கு வறளுது, ஒரு சங்கு தண்ணி குடு”

கத்திரியில் முதல் பழி மாம்பழத்துக்கு. மாம்பழத்தால் வேனல்கட்டி வருவதில்லை. வியர்வையும் அழுக்கும் கிருமியும் சேர்ந்து வருவது. காம்புப் பாலைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். பவுடரை அப்பி வேர்க்குருவை மூடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் கத்திரி பூராவும் சண்டை. நான்கு மாதக் குழந்தை, மே மாத வெயில், மத்தியானம் கரண்ட் வேறு இல்லை. “பச்ச மண்ணு, தொண்ட காயாதா? அதுக்கு வாயில்ல, உனக்குக் கண்ணில்லையா?” என்று அத்தை வெள்ளிச் சங்கோடு நிற்பார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு சொட்டு வேண்டாம், எந்த வெயிலிலும். அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பினால் பால் குறையும். தண்ணீரோடு கிருமியும் போகும். இதையெல்லாம் சொன்னேன். அத்தைக்கு என் சதவீதத்தில் நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன்: ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல் நனைத்தால் பிள்ளைக்குத் தண்ணீர் போதுகிறது என்று கணக்கு. துணி துவைப்பது அத்தை. அன்று சாயங்காலம் மொட்டைமாடிக் கொடியருகே நின்று விரல் விட்டு எண்ணினார். எட்டு. இன்னொரு முறை எண்ணினார். ஒன்றும் பேசாமல் கீழே வந்து, பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, என்னிடம் நீட்டினார்.

“அப்ப நீ குடி.”