எந்த இசையைச் சுழற்றுவது?
டிஜே ஆக விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு பாடம்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, பையன் டிஜே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். அதுலயே எத்தனையோ வகை இருக்காமே! எத மொதல்ல படிக்கச் சொல்ல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நம் குடும்பங்களில் பலரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வியும்கூட. அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் டிஜே அல்லன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து பாறசாலையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மைக் செட் தொழில். களியக்காவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை கல்யாணம், கோயில் கொடை, தேவாலயத் திருநாள் என்று நான் பெட்டி இறக்காத ஊர் குறைவு. இந்தப் பாடத்தை நான் கற்றது என் தங்கை மகனால். அதுவும் அவன் பட்ட ஓர் அவமானத்தால்.

முதல் கச்சேரி

என் தங்கை இரண்டு வளையல்களை அடகு வைத்து மகனுக்கு ஒரு டிஜே கன்ட்ரோலர் வாங்கிக் கொடுத்தாள். அவன் கணினியைப் பார்த்துத் தானாகவே பயின்றான். அவனுக்குப் பிடித்தது 'டிரம் அண்ட் பேஸ்' என்னும் வகை. நிமிடத்திற்கு 174 அடி ஓடும் அசுர வேகம். ஆறு மாதத்தில் ஒரு கல்யாண வரவேற்பு கிடைத்தது. பெண் வீடு நெய்யாற்றின்கரை, மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம் பக்கம். பெட்டிகள் என்னுடையவை.

அவன் போட்ட முதல் மூன்று உருப்படிகளுக்கும் ஒருவர்கூட எழுந்து ஆடவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கு வந்து, "தம்பி, பாட்டு எப்பம் போடுவ?" என்று உண்மையாகவே கேட்டார். பயல் பதறிவிட்டான். மெதுவான ஒரு 'ஹவுஸ்' தாளத்தை ஓட விட்டு, அதன் மேலேயே ஒரு தமிழ்க் குத்துப் பாட்டை ஏற்றினான். இரண்டும் நொண்டிக் குதிரைபோல் ஒன்றையொன்று இடறின. பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் நான்தான் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு இரவை ஒப்பேற்றினேன்.

வீடு திரும்பும் வழியில் வண்டியில் அவன் கேட்டான்: "மாமா, இந்தப் பெட்டிய வித்திருவோமா? அம்மைக்கு வளையலயாவது மீட்டுக் குடுக்கலாம்." நான், "மக்களே, மொதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. நாளைக்கு உக்காந்து பேசுவோம்" என்றேன்.

மறுநாள் என் கிட்டங்கியில் உட்கார்ந்து, எங்கே தவறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவனுக்குத் திறமை இல்லாமலில்லை. வகையைத் தேர்ந்தெடுத்த முறைதான் தவறு. கேட்கப் பிடித்ததை மட்டும் பார்த்தானே தவிர, வேறு நான்கு காரியங்களைப் பார்க்கவில்லை.

முதலாவது: தாளத்தின் நடை

மின்னணு இசையின் வகைகள் நூறு பெயரில் இருந்தாலும், தொடங்குபவர் இரண்டை மட்டும் கேட்டால் போதும். நிமிடத்திற்கு எத்தனை அடி? ஓர் அடி எத்தனையாகப் பிரிகிறது?

அடியை எண்ணுவது எளிது. கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிகள் கால் தட்டி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஹவுஸ் ஏறத்தாழ 118 முதல் 130 வரை. டெக்னோ பெரும்பாலும் 125க்கு மேல். டிரான்ஸ் 130 முதல் 145 வரை. டப்ஸ்டெப் 140 என்றாலும் பாதி வேகத்தில் நடப்பதுபோல் கேட்கும். டிரம் அண்ட் பேஸ் 165 முதல் 180 வரை.

அடுத்தது நடை. ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் மூன்றும் பெரும்பாலும் நம் சதுஸ்ர நடை. ஓர் அடிக்குள் 'த க தி மி' என்று நான்கு. நம் குத்துப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை. ஓர் அடிக்குள் 'த கி ட' என்று மூன்று. வேகம் ஒன்றாக இருந்தாலும் நான்கும் மூன்றும் உள்ளே மோதும். பெரிய அடி ஒன்றாக விழும். சின்ன அடிகள் கால் இடறும். கல்யாண மண்டபத்தில் நடந்தது இதுதான். இசை படித்த எந்தப் பாட்டியும் இதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருப்பார். பயல் கணினியை நம்பினான். திஸ்ர நடைப் பாட்டுகளில் கணினியும் ஏமாறும். 128 அடி உள்ள பாட்டை 96 என்றோ 192 என்றோ காட்டிவிடும். காதுதான் நீதிபதி.

இரண்டாவது: கற்பதற்கு இடம் தரும் வகை

பாறசாலை என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு நினைவு வருபவர் பாறசாலை பி. பொன்னம்மாள் அவர்கள். 1924இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006இல் பாடி, அங்கே பாடிய முதல் பெண்மணி என்ற பெருமையைப் பெற்றவர். அவர் வந்த மரபில் பிள்ளைகளுக்கு முதல் நாளே பத்து இராகங்களைச் சொல்லிக் கொடுப்பதில்லை. மாயாமாளவகௌளை ஒன்றில்தான் சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம். கைக்கும் காதுக்கும் அது பிடிபட்ட பிறகே மற்றவை.

டிஜே கலைக்கு அப்படி ஒரு மாயாமாளவகௌளை உண்டென்றால் அது ஹவுஸ். காரணம் சொல்கிறேன். டிஜே என்பவர் ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலையை முடிச்சுத் தெரியாமல் கட்டுபவர். அதற்கு இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். 1979இல் வந்து உலகெங்கும் டிஜேக்கள் பயன்படுத்திய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 இசைத்தட்டுப் பொறியில் வேகத்தை 8 விழுக்காடு கூட்டலாம், குறைக்கலாம். 125 அடிப் பாட்டை 115 முதல் 135 வரை நகர்த்தலாம் என்று பொருள். ஹவுஸ் பாட்டுகள் அநேகமாக இந்த எல்லைக்குள்ளேயே வருவதால் எதையும் எதனோடும் இணைத்துப் பழகலாம்.

மேலும் அவற்றின் தொடக்கமும் முடிவும், இணைப்பதற்கென்றே பெரும்பாலும் வெறும் தாளமாக அமைந்திருக்கும். மாற்றங்கள் 32 அடிக்கு ஒரு முறை வரும். நம் கணக்கில் ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம். 124 அடி வேகத்தில் இது சுமார் பதினைந்தரை விநாடி. கையால் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அடுத்த பாட்டை எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரம் அண்ட் பேஸில் இதே 32 அடி பதினொரு விநாடியில் ஓடிவிடும். புதிதாகக் கற்பவருக்கு யோசிக்க நேரமிருக்காது.

மூன்றாவது: பெட்டியின் சக்தி

இதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் மலையாளிகள் 'கோளாம்பி' என்று சொல்லும் பழைய குழாய் ஒலிபெருக்கி, குரலை மூன்று தெரு தள்ளிக் கொண்டு சேர்க்கும். ஆனால் அதில் அடித்தொனி எழும்பாது. டப்ஸ்டெப், டிரம் அண்ட் பேஸ் இரண்டுக்கும் உயிரே அந்த அடித்தொனிதான். அதற்குப் பெரிய 'சப் ஊபர்' பெட்டிகள் வேண்டும். சின்ன மண்டபத்தில் சின்னப் பெட்டியில் போட்டால் தகரம் தட்டுவதுபோல் மேல் சத்தம் மட்டுமே கேட்கும். உங்கள் கையிலிருக்கும் பெட்டி எதைப் பாடுமோ அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். விதி எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. மெல்ல மெல்ல ஏறி, ஒரு மணி நேரம் கழித்து உச்சிக்குப் போகும் டிரான்ஸ் போன்ற வகை, எட்டரை மணிக்குச் சாப்பாடு முடியும் கல்யாணத்தில் உச்சியை எட்டும்போதே பத்து மணி நெருங்கிவிடும்.

நான்காவது: ஆடப் போகிறவர் யார்?

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, காதுகள் பிரியவில்லை. இன்றும் பாறசாலையில் ஒரு கல்யாணம் என்றால் கூடத்தில் பாதிப் பேர் தவிலும் நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டின் உடுக்கையும் கேட்டு வளர்ந்தவர்கள். மறுபாதி செண்டை கேட்டு வளர்ந்தவர்கள். செண்டையில் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் நிதானமாகத் தொடங்கி 48, 24, 12 என்று சுருங்கி 6இல் முடியும். ஆறும் மூன்றின் மடங்குதானே! குத்தும் பஞ்சாரியும் இந்த வகையில் பங்காளிகள். இரண்டு பாதிகளையும் ஒன்றாக எழுப்பக்கூடிய நடை எது என்பதற்கு விடை நம் முற்றத்திலேயே இருக்கிறது.

பிள்ளைகள் இதைக் கேட்டால், "அது பழசு மாமா, எலக்ட்ரானிக் வேற" என்பார்கள். என் மருமகனும் சொன்னான். அவனுக்கு வரலாற்றைச் சொன்னேன்.

ஹவுஸ் பிறந்தது சிகாகோவில். அங்கே 'வேர்ஹவுஸ்' என்ற ஆட்டக் கூடத்தில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இசைத்தட்டு சுழற்றினார். அந்தக் கூடத்தின் பெயரே வகையின் பெயராயிற்று என்பர். நியூயார்க்கில் 1973 ஆகஸ்டில் ஒரு விருந்தை ஒட்டி ஹிப் ஹாப்புக்கு வழி திறந்த டிஜே கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து சிறுவனாக வந்து குடியேறியவர். தன் ஊர்த் தெருவில் கேட்ட பெரிய பெட்டிகளின் பழக்கத்தை அவர் புது ஊருக்குக் கொண்டுவந்தார். மருமகன் உயிராய் நினைக்கும் டிரம் அண்ட் பேஸ்கூட இங்கிலாந்தில் கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகள் பெரும்பங்கு கொண்டு வளர்த்ததே. நம் நாட்டிலும் 1982இல் பம்பாய்ப் பட இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், டிஸ்கோ தாளத்தின் மேல் பத்து இராகங்களை மின்னணுப் பொறிகளில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது விற்கவில்லை, பல ஆண்டுகள் கழித்து உலகம் தேடிப் பிடித்துக் கேட்டது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்த லண்டன் பாடகி எம்.ஐ.ஏ., 2007இல் வெளிவந்த தம் இசைத்தொகுப்பில் தமிழகத்து உறுமி மேளத்தையே சேர்த்தார்.

குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் வீட்டுத் தாளத்தை ஒளித்து வைத்ததால் இந்த வகைகள் பிறக்கவில்லை. அதைப் புது ஊரின் பொறியில் ஏற்றியதால் பிறந்தன. மருமகன் அன்று பதில் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் தன் பாட்டுப் பட்டியலைத் திறந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

பயிற்சி முறை

நாங்கள் வகுத்துக்கொண்ட முறையைத் தருகிறேன். மற்றப் பிள்ளைகளும் பின்பற்றலாம்.

1. காசு கிடைக்காவிட்டாலும் கேட்கும் இருபது பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியை எண்ணி, நான்கா மூன்றா என்று நடையைக் குறியுங்கள். எந்தப் பக்கம் அதிகமோ அதுவே உங்கள் காது.

2. முதல் மூன்று மாதம் ஹவுஸ் மட்டும். இருபது உருப்படிகள் போதும். கணினியின் தானியங்கி இணைப்பை அணைத்துவிட்டுக் காதால் இணையுங்கள்.

3. அடுத்த மூன்று மாதம் திஸ்ர நடைப் பாட்டுகளைத் தம்முள் இணையுங்கள். திரைப் பாட்டில் முன்னும் பின்னும் வெறும் தாளம் இருப்பது அரிது. பல்லவி முடியும் இடமோ, மேளம் மட்டும் ஒலிக்கும் இடமோ பார்த்து வெட்டிப் பழகுங்கள்.

4. அதன் பிறகே நான்கிலிருந்து மூன்றுக்குத் தாவுதல். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றாதீர்கள். தாளம் நின்று குரல் மட்டும் இருக்கும் இடத்தில் மாறுங்கள். அல்லது ஓர் அடி மௌனம் விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். தவில் வித்துவான் தீர்மானம் வைத்து நிறுத்துவதைக் கவனித்தால் இது விளங்கும்.

5. இத்தனைக்கும் பிறகு டெக்னோவோ டிரம் அண்ட் பேஸோ உங்களை இழுத்தால், தாராளமாகப் போங்கள். அப்போது கை தயாராக இருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவியைத் தொடக்கத்திலேயே விலை கொடுத்து வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துப் பழகட்டும். ஒலியை அளவோடு வைக்கச் சொல்லுங்கள். 100 டெசிபல் ஒலியைக் கால் மணி நேரத்திற்கு மேல் கேட்பதே காதுக்குத் தீங்கு. காது போனால் எந்த வகையும் இல்லை.

என் மருமகன் ஓராண்டுக்குப் பிறகு உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு வரவேற்பில் மீண்டும் நின்றான். ஏழரை மணிக்கு ஹவுஸில் மெல்லத் தொடங்கினான். ஒன்பதுக்கு ஓர் அடி மௌனம் விட்டான். எனக்கு நெஞ்சு அடைத்தது. அடுத்த அடியில் உறுமி விழுந்தது. நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம் என் பெட்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நிறுத்திவிட்டான். வளையலில் ஒன்றை மீட்டாயிற்று. மற்றது இன்னும் கடையில் இருக்கிறது.

சந்தேகம் உள்ள பிள்ளைகள் சங்கக் கூட்டத்திற்கு வரும்போது என்னைக் கேட்கலாம். வரும்போது அந்த இருபது பாட்டுப் பட்டியலையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.