நித்தியக் கட்டளையும் பாத்திரமறிதலும்

அறஞ்செய்தல் வேண்டும் என்பது சைவ நன்மக்கட்கு எடுத்துரைக்க வேண்டுவதன்று. எவ்வறத்தைத் தெரிந்து, எவ்வளவினால், எத்துணைக் காலம் நடத்துதல் வேண்டும் என்பதே ஐயத்திற்கு இடனாவது. முற்காலத்து ஒருவன் வாயிலில் வந்து வேண்டினார் சிலரே. இக்காலத்தோ செல்பேசி வாயிலாக நாடோறும் பற்பல வேண்டுகோள்கள் வருகின்றன. திருப்பணி, அன்னம்பாலிப்பு, பசுமடம், தேவார பாடசாலை, நோயாளர் மருத்துவம், ஏழை மாணாக்கர் கல்வி என்னும் இவை யாவும் நல்லனவே. எனினும் எல்லாவற்றிற்கும் ஈதல் ஒருவர்க்கு இயலாதாகலின், தெரிதல் இன்றியமையாததாயிற்று. அதன் முறையை நம் நூல்வழி நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், அறப்பயன் வருமாறு அறியற்பாலது. வினை சடமாதலின் தானே சென்று செய்தானைப் பற்றமாட்டாது. அதனைக் கூட்டுவிப்பான் இறைவனே என்பது சித்தாந்தத் துணிபு. எனவே, பெற்றவன் நன்றி மறப்பினும், ஈந்தவன் பெயரைக் கல்லிற் பொறியாது விடினும், அறம் பழுதுபடாது என்பது பெறப்படும். அவ்வறந்தான் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இருதிறப்படும். புகழும் போகமும் குறித்து, யான் செய்தேன் என்னும் முனைப்போடு செய்வது முன்னையது. அது நுகர்ச்சியாற் கழியும். சிவனைக் குறித்துச் செய்வது பின்னையது. அது கழியாது நின்று, சரியை முதலிய படிகளில் ஏற்றி ஞானத்திற்கு ஏதுவாம்.

கோயிற்கு ஈவது சிவபுண்ணியம், பசித்தார்க்கு ஈவது பசுபுண்ணியம் எனப் பொருளாற் பகுப்பாரும் உளர். அது பொருந்தாது. தன் பெயர் விளங்கவேண்டுமென்று விமானத்திற்குப் பொன்வேய்ந்தான் செயல் பசுபுண்ணியமாய் ஒழிதலும், சிவன் பொருட்டென நினைந்து ஒரு கவளம் இட்டாள் செயல் சிவபுண்ணியமாதலும் உண்டாகலின், பகுப்பது கருத்தேயன்றிக் கொடைப்பொருள் அன்றென்க.

அற்றேல், கருத்துத் தூயதாயின் எவர்க்கு ஈயினும் ஒக்குமன்றோ எனின், ஒவ்வாது. ஈவான் கருத்துத் தூயதாயினும், பொருள் உரிய இடம் சேராவிடிற் பசித்தவன் பசித்தே கிடப்பான். திருமூலர் அறஞ்செய்வான் திறங் கூறியதனோடு அமையாது, இரண்டாந் தந்திரத்துப் பாத்திரம், அபாத்திரம் என்பனவற்றையும் வேறுவேறாக வைத்து ஓதியது இதுபற்றியே.

இனி, நாயன்மார் செயலை நோக்குவாம். குங்கிலியக்கலயர் தூபமிட்டார், மூர்த்தியார் சந்தனக்காப்பு அளித்தார், முருகனார் பூமாலை தொடுத்தார், கணம்புல்லர் விளக்கேற்றினார், திருக்குறிப்புத்தொண்டர் அடியாருடை வெளுத்தார், அதிபத்தர் வலையிற்பட்ட மீனுள் ஒன்றை விடுத்தார். எல்லாப் பணியையும் மேற்கொண்டார் ஒருவரும் இலர். தத்தம் கைக்கு எட்டியது ஒன்றைக் கொண்டு, மிடி வந்துழியும் அதனை விட்டிலர். ஆகவே, பலவற்றைத் தொட்டு விடுதலினும் ஒன்றைக் கொண்டு முட்டாது நடத்துதலே சிறந்ததென்பது தெளிவு.

நம் முன்னோர் கட்டளை, நிபந்தம் என அமைத்தன யாவும் இம்முட்டாமை கருதியனவே. தஞ்சை இராசராசேச்சரத்தில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாடோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறந்தனவற்றிற்கு ஈடாக ஈன்றன நிற்குமாகலின், அவ்வாடுகள் சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. அக்கோயிலிலேயே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேர்க்கும், உடுக்கை, மத்தளம் வாசிப்பார் இருவர்க்கும், ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்லாக நிபந்தம் வகுக்கப்பட்டது. பாடுவார் வயிறு நிறைந்தாலன்றிப் பதிகம் நிலவாது என்பதை அவ்வரசன் அறிந்திருந்தான். ஓதுவாராகப் பயிலும் சிறுவனுக்கு ஒருநாள் விருந்தினும் பல்லாண்டு உணவே வேண்டுவது.

ஈண்டு என் பிழையொன்றைக் கூறல் வேண்டும். யான் பள்ளித் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். எம்மூர்ச் சிறு சிவாலயத்து அந்திவிளக்கிற்குத் திங்கள்தோறும் எண்ணெய்ப் பொருள் தருவதாக வாக்களித்திருந்தேன். ஓராண்டு, வந்த வேண்டுகோட்கெல்லாம் நூறும் இருநூறுமாகப் பதினோரிடங்கட்குப் பகுத்து விடுத்து, பெரிதும் மகிழ்ந்திருந்தேன். ஆடி, ஆவணி ஆகிய இருதிங்களும் எண்ணெய்ப் பொருள் நின்றது. ஓரந்தியிற் கோயிலுக்குச் சென்றபோது, முதியவராகிய குருக்கள் தம் வீட்டு அடுக்களைக்கு வாங்கிய எண்ணெயை அகலில் வார்த்துக்கொண்டிருந்தார். "மறந்திருப்பீர்கள், கேட்பானேன் என்றிருந்துவிட்டேன்" என்றார். பதினோரிடத்துப் பற்றுச்சீட்டுக்களும் என் பெட்டியில் இருந்தன. யான் ஏற்ற விளக்கோ அவர் வறுமையில் எரிந்தது.

அன்றிரவு கோட்புலிநாயனார் வரலாறு நினைவிற்கு வந்தது. அவர் இறைவன் திருவமுதிற்கெனச் சேர்த்த நெல்லைப் பஞ்சத்திற் சுற்றத்தார் உண்டனர். போரினின்று மீண்ட நாயனார் அவரைத் தண்டித்தார். பசித்து உண்டாரைத் தண்டிப்பதோ எனக் கற்பவர் நெஞ்சம் நடுங்கும். நாயனாரது வன்மை நம்மனோர் பின்பற்றற்பாலதன்று. எனினும் அதன்கட் கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. ஒன்றற்கெனக் குறித்த பொருள் குறித்த பொழுதே நம்முடைமையாதல் ஒழிந்தது. மற்றொரு நல்லறத்திற்காகவும் அதனை எடுத்தல் ஆகாது. அங்ஙனமாயின் திடீரெனப் பஞ்சமும் வெள்ளமும் வருங்கால் யாது செய்வது எனின், குறியாத ஒரு பகுதியை முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

பூசையில் நித்தியம், நைமித்திகம் என இருவகை உண்டன்றோ? கொடையும் அவ்வாறே. 1867 இல் இராமலிங்க வள்ளலார் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது, இது நித்தியம். 1877 இல் யாழ்ப்பாணத்துப் பஞ்சத்தில் ஆறுமுகநாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஊட்டினார், இது நைமித்திகம். அருட்பா வழக்கில் எதிர்நின்ற இருவரும் பசித்தார்க்கு இடுதலில் ஒருநிலையினராயினமை காண்க.

இனி, கொடை பெறுவாரிடம் கணக்குக் கேட்டல் அபசாரமாகாதோ, மெய்ப்பொருணாயனார் வேடமே பொருளெனக் கொண்டு வஞ்சனையை ஆராய்ந்திலரே எனின், ஆகாது. அவர் ஈந்தது தம் உயிர். தமக்கே உரியதை ஈவார் ஆராயாதொழியலாம். பசித்தான் வாயிற் சேரவேண்டுவதை ஆராயாது விடுதல் அன்பன்று, மடியேயாம். நம் முன்னோர் கொடையைக் கல்லில் வெட்டி, முடிவில் "பன்மாகேசுவர ரக்ஷை" எனப் பொறித்தது எற்றுக்கு? அடியார் கூட்டம் அதனைக் காத்து வினவுக என்றற்கன்றோ? கணக்கைத் தாமே காட்டுவாரைப் போற்றுக. கேட்டவழி வெகுள்வாரை விடுக.

இதுகாறும் கூறியவாற்றாற் போந்த முறை வருமாறு. குடும்பச் செலவு போகத் தரக்கூடியதைத் துணிந்து, அதனை மூன்று கூறாக்குக. இருகூற்றை நித்தியமாக ஒன்றிரண்டு அறத்திற்கே குறிக்க. ஒரு கூற்றை நைமித்திகத்திற்கு வைக்க. நித்தியத்திற்குத் தெரியுங்கால், நாம் நேரிற் சென்று காணத்தக்க அண்மையும், நாம் ஈயாவிடின் நின்றுவிடும் எளிமையும் உடையதனை முற்படக் கொள்க. பலர் நாடும் பெருங்கோயிலினும் ஒருவரும் நாடாத சிற்றூர்க் கோயிலுக்கே நம் அகல் வேண்டும். மிகுதியாகத் தொடங்கி இடையில் விடுதலினும், சிறிதாகத் தொடங்கி இறுதிவரை நடத்துதல் நன்று. நம் பாட்டிமார் உலையேற்றுமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் இட்டுவந்த பிடியரிசி வழக்கம் இம்முறையே. உண்டு எஞ்சியதை அவர் ஈந்திலர். உண்ணுமுன் எடுத்து வைத்தனர்.

யானும் அவ்வாறே ஓய்வூதியம் வரும் நாளில் எண்ணெய்ப் பொருளை முதற்கண் எடுத்து வைக்கின்றேன். பதினோரிடம் இப்பொழுது இரண்டாயின. மற்றை ஒன்பதையும் பிற அன்பர் ஏற்பாராக.