பூஞ்சை நோய்களும் இரத்தத்தின் சாட்சியமும்

2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது, கருப்புப் பூஞ்சை நோய்க்குச் சிகிச்சையளிக்கக் கர்நாடக அரசு தேர்ந்தெடுத்த நிலையங்களுள் மைசூரு மருத்துவக் கல்லூரியும் ஒன்றாகும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் உடையவர்களும் ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். மூக்கில் தொடங்கிச் சில நாட்களிலேயே கண்ணையும் மூளையையும் எட்டக்கூடிய இந்நோயை இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்ய இயலாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விடை காணப் பூஞ்சை நோய்களில் இரத்தம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிதல் வேண்டும்.

எதிர்ப்பொருள்

உடலினுள் புகும் கிருமிக்கு எதிராக இரத்தத்தில் தோன்றும் புரதமே எதிர்ப்பொருள். இந்தியாவில் 1954-இல் கல்கத்தாவிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் நோயை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பறவை, வௌவால் ஆகியவற்றின் எச்சம் கலந்த மண்ணிலிருந்து இப்பூஞ்சையின் நுண்வித்துகள் மூச்சுடன் நுரையீரலை அடைகின்றன. எதிர்ப்பொருள் கண்டறியத்தக்க அளவில் தோன்றப் பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் ஆகும். நோய் நீங்கிய பின்னரும் அது நெடுநாள் இரத்தத்தில் தங்கலாம். எனவே அது இருப்பதனால் மட்டும் இப்போது நோய் உண்டு எனக் கொள்ள இயலாது. எய்ட்ஸ் நோயாளிகளிடமும் மாற்று உறுப்புப் பெற்றோரிடமும் அது தோன்றாமலே போகலாம். எனவே அது இல்லாமையும் நோயின்மைக்குச் சான்றாகாது.

எதிர்ப்பொருள் தூண்டி

உடலின் எதிர்வினையை விடுத்து, பூஞ்சையின் கூறுகளையே தேடுவது மற்றொரு முறை. மூளைச் சவ்வு அழற்சியை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருள் இரத்தத்தில் கலக்கிறது. அதனைச் சோதனைப் பட்டை சுமார் 10 நிமிடங்களில் காட்டிவிடும். எச்.ஐ.வி. தொற்றுடன் சி.டி.4 அணுக்கள் 100-க்கும் குறைந்தவர்களுக்கு, தலைவலி தோன்றுமுன்னரே இச்சோதனையைச் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

கருப்புப் பூஞ்சையின் நிலை

மற்ற பூஞ்சைகளைக் காட்டிக்கொடுக்கும் பீட்டா குளூக்கான், காலக்டோமன்னான் சோதனைகள் கருப்புப் பூஞ்சையைக் கண்டறிய உதவுவதில்லை. ஆகவே பாதிக்கப்பட்ட திசுவில் சிறு பகுதியை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதே விரைவான வழி. முக வலி, கருநிற மூக்குக் கசிவு, கண் வீக்கம் ஆகியவை தோன்றிய சர்க்கரை நோயாளி, இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவமனையை நாட வேண்டும். அறுவைச் சிகிச்சையும் ஆம்ஃபோடெரிசின் மருந்தும் உரிய நேரத்தில் கிடைப்பதைப் பொறுத்தே கண்ணும் உயிரும் காக்கப்படுகின்றன. நல்ல நுண்ணோக்கியும் அதனைக் கையாளப் பயிற்சி பெற்றவரும் மாவட்டந்தோறும் இருப்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.