பசுக்களும் அவை தரும் பாலும்

சென்ற தவணைப் பரீட்சையிற் ‘பசு’ என்னும் தலைப்பிற் கட்டுரை வரையுமாறு மாணவரைக் கேட்டிருந்தோம். ஏறத்தாழ எல்லோரும் ‘பசு கறுப்பு வெள்ளை நிறமுடையது’ என்றே தொடங்கியிருந்தனர். சிவப்புப் பேனாவை எடுத்த நாம் சற்றுத் தயங்கினோம். சிவலைப் பசுவையும் வெள்ளைப் பசுவையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிரித்தானியாவிற் பிறந்த பிள்ளைகள் புகையிரதத்திலிருந்து கண்டவை கறுப்பு வெள்ளைப் பசுக்களே. அவர்கள் எழுதியதிற் பிழையில்லை. ஆயினும் அது முழு விடையுமன்று.

அக் கறுப்பு வெள்ளைப் பசு ஹொல்ஸ்ரீன் பிறீசியன் எனப்படும். ஒல்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளின் வடபகுதியே அதன் தாயகம். பின்னர் வட அமெரிக்காவிற் பாலின் அளவையே குறியாகக் கொண்டு தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்தனர். 650 கிலோகிராம் அளவு நிறையுள்ள இப்பசு நன்கு பேணப்பட்டால் ஒரு கறவைக் காலத்தில் 8,000 லீற்றருக்கு மேலும் தரும். பாலிற் கொழுப்பு ஏறத்தாழ 4 வீதம்.

ஆங்கிலக் கால்வாயிலே, பிரான்சுக் கரைக்கு அண்மையில், ஜேர்சி என்றொரு தீவுண்டு. பரப்பளவு ஏறத்தாழ 118 சதுர கிலோமீற்றர். நமது நெடுந்தீவைப்போல் இரண்டு மடங்கிற்குச் சற்று மேல். வெளிமாடுகள் அத்தீவினுட் கொண்டுவரப்படுவதை 1789 இல் ஒரு சட்டம் தடுத்தது. செயற்கைச் சினைப்படுத்தலுக்காக வெளிக் காளைகளின் விந்தினைத் தருவிப்பதற்கு 2008 இலேயே இசைந்தனர். ஆதலால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வினம் கலப்பின்றி நின்றது. மான்விழியும் இளங்கபில நிறமும் கொண்ட இச்சிறு பசு 400 முதல் 450 கிலோகிராம் நிறையே உடையது. கறக்கும் அளவும் குறைவு. ஆனாற் கொழுப்பு 5 வீதத்தைத் தாண்டும், புரதமும் மிகுதி. வெண்ணெய் செய்வோர் இதனை விரும்புவது அதனாலேயே. அயலிலுள்ள கேர்ன்சித் தீவின் பசுவும் இத்தகையதே.

இப்பால் பொன்னிறமாயிருத்தலைக் கண்டு கலப்படமோ என ஐயுற வேண்டாம். பசும்புல்லிலுள்ள கரோட்டீன் என்னும் மஞ்சள் நிறப்பொருள் இவ்வினங்களின் பாற்கொழுப்பில் மிகுதியாகச் சேர்கின்றது. எருமையோ அதனை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடும். எனவே கொழுப்பு 7 வீதமளவில் இருந்தும் எருமைப்பால் வெள்ளைவெளேரென்றிருக்கின்றது.

‘இங்கத்தைப் பால் தண்ணீர், ஊர்ப்பாலுக்கு ஈடாகாது’ என்று பெற்றோர் கூறுவதுண்டு. நாமும் கூறியவர்களே. அதில் உண்மையுமுண்டு. நாட்டுப் பசுவும் சிந்திப் பசுவும் சிறிதளவே கறக்கும். அப்பால் கொழுப்பு மிக்கது. யாழ்ப்பாணத்தில் ஜேர்சிக் கலப்புப் பசுக்களும் வளர்க்கப்பட்டன. பிறீசியனைவிட அவை வெப்பத்தை நன்கு தாங்கும். பிறீசியனுக்கு அம்பேவெலக் குளிரே ஏற்றது. இங்கோ பல பண்ணைகளின் பாலை ஒன்றுசேர்த்து, முழுப்பாலிற்கூடக் கொழுப்பைப் பெரும்பாலும் 3.5 வீதமளவிற்குக் கொண்டுவருகின்றனர். கொழுப்புத் துளிகளை நுணுக்கிவிடுவதால் ஆடையும் மிதப்பதில்லை. ஆகவே குறை பசுவினதன்று. அதிகாலையிற் கறந்த பாலிட்ட தேநீரைப் பனங்கட்டியோடு குடித்த நினைவு எந்தக் கடையிலும் கிடையாது என்பது வேறு விடயம்.

மாணவர்களே, விடுமுறையில் ஒரு பரிசோதனை செய்யுங்கள். ‘கோல்ட் ரொப்’ என்னும் பெயரில் விற்கப்படும் ஜேர்சி, கேர்ன்சிப் பாலையும் சாதாரண முழுப்பாலையும் இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, வெள்ளைத்தாளின் முன் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். பின்பு இரண்டையும் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறைமோரிட்டுத் தயிராக்கி, எது எதுவெனச் சொல்லாமல் அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ கொடுங்கள். அவர் கூறுவதை ஐந்து வசனங்களில் எழுதி வாருங்கள்.